வில்லை வைத்துவிட்டுக் கோலை எடுத்தவர்கள்

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவருக்கு வீட்டில் சாதகம் செய்ய வழியில்லை. வயலின் கற்பவர் விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து கையைப் பழக்கலாம். பியானோக்காரர் பக்கத்து வீட்டாரின் பொறுமை இருக்கும்வரை வாசிக்கலாம். நடத்துநரின் கருவியோ எழுபது, எண்பது மனிதர்கள். அவர்களை ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வைக்கவே பெரும் பணம் வேண்டும். கண்ணாடி முன் நின்று கோலை அசைத்துப் பார்க்கலாம்தான். கண்ணாடி பதிலுக்கு வாசிக்காது. அதனால் இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே வேறு வேலையாக உள்ளே நுழைந்து, பிறகுதான் மேடைப் பலகையில் ஏறியிருக்கிறார்கள். (தமிழில் ‘நடத்துநர்’ என்றதும் பயணச்சீட்டும் விசிலும் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. இங்கே அந்தச் சொல் இசை நடத்துநரை மட்டுமே குறிக்கிறது.)

அப்படி நுழைந்தவர்களில் ஒரு சாரார் ஆர்கெஸ்ட்ராவுக்குள்ளேயே ஒரு நாற்காலியில் செல்லோவோ வயோலாவோ ஓபோவோ வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அந்த நாற்காலி அவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்தது, எதைக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது இசை வரலாற்றில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி. கச்சேரி மேடையில் அதற்கு விடை காண்பது எளிது. ஓபராவில், அதாவது பாட்டு, நாடகம், ஆர்கெஸ்ட்ரா மூன்றும் ஒன்றாக ஓடும் இசைநாடகத்தில், விடை சிக்கலாகிறது.

தொடக்கத்தில் நடத்துபவர், வாசிப்பவர் என்ற பிரிவே இருந்ததில்லை. 1791இல் ஹைடன் லண்டனுக்கு வந்து தம் சிம்பொனிகளை அரங்கேற்றியபோது அவர் விசைப்பலகைக் கருவி முன் அமர்ந்திருந்தார். முதல் வயலினில் இருந்த சாலமன் வில்லசைவாலும் தலையசைவாலும் குழுவை இழுத்துச் சென்றார். பாரிஸில் 1828இல் தொடங்கிய கன்சர்வேட்டரி கச்சேரிகளை நடத்திய ஹபெனெக் கடைசிவரை கோலைக் கையில் எடுக்காமல் வயலின் வில்லாலேயே நடத்தினார். இசைக்குழு பெரிதாகி, பித்தளைக் கருவிகள் கூடி, பெர்லியோசும் வாக்னரும் எழுதியதை ஒரு மூலையிலிருந்து தலையசைத்துச் சமாளிக்க முடியாது என்ற நிலை வந்த பிறகுதான், ஒருவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்கும் எதிரே நிற்க வேண்டியதாயிற்று.

அப்படி நின்ற முதல் தலைமுறையின் நல்ல எடுத்துக்காட்டு ஹான்ஸ் ரிக்டர். வியன்னாவில் ஓர் ஓபரா அரங்கின் குழுவில் கொம்பு ஊதிக்கொண்டிருந்தவர். 1866இல் வாக்னரின் வீட்டுக்கு, ‘மைஸ்டர்சிங்கர்’ ஓபராவின் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுக்கும் எழுத்தராகப் போனார். 1870 கிறிஸ்துமஸ் காலையில் வாக்னர் தம் மனைவிக்காக வீட்டு மாடிப்படியில் ஒரு சிறு குழுவை நிறுத்தி ‘சீக்ஃப்ரீட் இடில்’ வாசிக்க வைத்தபோது, ரிக்டர் வயோலாவும் வாசித்தார், பதின்மூன்று தாள அளவுகள் மட்டுமே வரும் டிரம்பெட்டையும் ஊதினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1876இல், பைராய்ட்டில் ‘ரிங்’ நான்கு ஓபராக்களும் முதன்முறையாக முழுமையாக அரங்கேறியபோது நடத்தியவர் அவர்தான். குழுவில் யாராவது ஒரு பகுதியை வாசிக்கவே முடியாது என்று முறையிட்டால், அந்தக் கருவியை வாங்கி வாசித்துக் காட்டக்கூடியவர் என்ற பெயர் ரிக்டருக்கு இருந்தது. ஆர்கெஸ்ட்ராக்காரர்களிடம் ஒரு நடத்துநருக்குக் கிடைக்கக்கூடிய மரியாதைகளில் இதற்கு மேல் ஒன்றில்லை.

ஆர்ட்டுர் நிகிஷ் வேறு வகை. 1874 முதல் மூன்றாண்டுகள் வியன்னா அரசவைக் குழுவில் வயலின் வாசித்தவர். வெர்டி, வாக்னர், லிஸ்ட், பிராம்ஸ் ஆகியோர் நேரில் வந்து நடத்தியதை நாற்காலியிலிருந்தே பார்த்தவர். 1878இல் லைப்சிக் ஓபராவுக்குப் போய், 1895 முதல் சாகும்வரை பெர்லின் ஃபில்ஹார்மோனிக், லைப்சிக் கெவான்ட்ஹவுஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தினார். கை அசைவு மிகக் குறைவு. கண்ணால்தான் நடத்துவார் என்பார்கள். வயலின் வரிசையில் உட்கார்ந்தவருக்கு ஒன்று தெரியும்: வாசிப்பவரின் பார்வை முக்கால்வாசி நேரம் குறிப்புத் தாளில்தான் இருக்கும். கோல் அவர் ஓரக்கண்ணில் விழும் நிழல். நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு நொடியில் எதிரே இருப்பவர் என்ன தருகிறார் என்பதே கணக்கு.

ஜெர்மானிய நாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் வேறொரு பாதை அரசபாட்டையாகிவிட்டது. சிறு ஊர்களில்கூட ஓபரா அரங்கு இருக்கும். பியானோ நன்றாக வாசிக்கும் இளைஞர் அங்கே பாடகர்களுக்குப் பாடம் ஏற்றும் பயிற்சியாளராகச் சேர்வார். ஆர்கெஸ்ட்ரா முழுவதும் வாசிப்பதைப் பத்து விரலில் சுருக்கி வாசித்தபடி, பாடகி எங்கே மூச்செடுக்கிறார், எந்தச் சொல்லில் தடுக்குகிறார், எந்த உயர்சுரத்துக்கு முன் பயப்படுகிறார் என்பதையெல்லாம் மாதக்கணக்கில் பார்ப்பார். பிறகு மேடைக்குப் பின்னால் நின்று கூட்டுப்பாடலுக்குச் சைகை காட்டுவார். பிறகு யாரும் நடத்த விரும்பாத ஒரு ஞாயிறு மதிய ஓபரெட்டா கிடைக்கும். புரூனோ வால்ட்டர், கிளெம்பெரர், ஃபுர்ட்வெங்லர் எல்லோரும் இந்த வழி வந்தவர்கள். காரயான் 1929 முதல் 1934 வரை உல்ம் என்ற சிற்றூர் அரங்கில் ஊறியவர். புடாபெஸ்ட் ஓபராவில் பல ஆண்டுகள் பியானோ முன் உழைத்த ஜார்ஜ் ஷோல்ட்டிக்கு அங்கே நடத்தக் கிடைத்தது ஒரே இரவு: 1938 மார்ச் 11, மோசார்ட்டின் ‘ஃபிகாரோ’. மறுநாள் காலை ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதரான அவருக்கு அந்தக் கதவு அத்துடன் மூடியது.

இந்தப் பியானோ வழியில் வந்தவருக்கு ஓபரா தாய்மொழி. நாற்காலி வழியில் வந்தவருக்கு ஆர்கெஸ்ட்ரா தாய்மொழி; ஓபரா பின்னால் கற்ற மொழி. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துப் பார்த்தால் மற்ற வாழ்க்கைகள் தெளிவாகும்.

மிகப் புகழ்பெற்ற வாழ்க்கை ஆர்ட்டுரோ டொஸ்கானினியுடையது. 1867இல் பார்மாவில் ஒரு தையற்காரருக்கு மகனாகப் பிறந்தவர்; ஒன்பது வயதில் ஊர் இசைப்பள்ளியில் சேர்ந்து செல்லோ கற்று 1885இல் வெளியே வந்தவர். மறு ஆண்டு தென் அமெரிக்கா போன ஓர் இத்தாலிய ஓபராக் குழுவில் முதன்மைச் செல்லோ வாசித்தார். கூட்டுப்பாடலைப் பயிற்றுவிப்பவருக்குத் துணையாகவும் இருந்தார். ரியோ டி ஜெனிரோவில் நடத்துநரான பிரேசில்காரர் மிகேஸ், இத்தாலியக் கலைஞர்கள்மேல் குற்றம் சாட்டிப் பத்திரிகைக்கு எழுதிவிட்டு விலகிக்கொண்டார். 1886 ஜூன் 30 இரவு ‘ஆயிடா’. உள்ளூர்க்காரர் அவமதிக்கப்பட்டார் என்று கூட்டம் கொதித்திருந்தது. மாற்று நடத்துநர் வந்தார். சீழ்க்கையும் கூச்சலும் எழ, இறங்கிப் போனார். இன்னொருவர் முயன்றார், அவருக்கும் அதே கதி. குழுவினர் பத்தொன்பது வயதுச் செல்லோக்காரரைப் பிடித்து மேலே தள்ளினார்கள். அவர் ஏறி, திறந்திருந்த குறிப்பு நூலை மூடிவிட்டு, நான்கு அங்கங்களையும் மனப்பாடமாக நடத்தி முடித்தார்.

இது தேவதைக் கதைபோல் சொல்லப்படுவதுண்டு. அதில் விடுபடுவது ஒன்று. பயணம் முழுக்க அவர் பாடகர்களோடு உட்கார்ந்து அவர்கள் பகுதிகளை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதாவது செல்லோ நாற்காலியும் ஜெர்மானியப் பியானோ நாற்காலியும் அவரிடம் ஏற்கெனவே சேர்ந்திருந்தன. செல்லோ மட்டும் தெரிந்த ஒருவர் அன்றிரவு தப்பித்திருப்பாரா என்பது சந்தேகமே. மனப்பாடத்துக்கும் எளிய காரணம் உண்டு: அவருக்குக் கிட்டப்பார்வை. இடுப்புயரத் தாங்கியில் இருக்கும் குறிப்பு கண்ணுக்கு எட்டாது. ஏற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னும் கவனிக்க வேண்டியது அதன் பிறகு நடந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே டூரின் நகரில் நடத்துநராக அறிமுகமான டொஸ்கானினி, 1887 பிப்ரவரியில் மிலானின் லா ஸ்காலாவில் வெர்டியின் ‘ஒத்தெல்லோ’ முதன்முறை அரங்கேறியபோது மீண்டும் செல்லோவோடு இரண்டாம் இடத்தில் உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டிய வெர்டி ஒத்திகையில் என்ன சொல்கிறார் என்று பக்கத்திலிருந்து கேட்க வேண்டும் என்பதே காரணம். முதல் அங்கத்தின் முடிவில் காதலர் இருவரும் பாடத் தொடங்குவதற்கு முன் நான்கு செல்லோக்கள் மட்டும் தனித்து ஒலிக்கும் ஓரிடம் வரும். தாளில் மிக மென்மையாக என்று எழுதியிருக்க, டொஸ்கானினி அப்படியே மென்மையாக வாசித்தார். வெர்டி எழுந்து வந்து, இரண்டாம் செல்லோ இன்னும் உரக்க வாசிக்கட்டும் என்றாராம். எழுதியதை எழுதியபடி வாசிப்பதே தருமம் என்று பின்னாளில் உலகத்துக்கே உபதேசித்தவர், எழுதியவர் வாயாலேயே அதற்கு எதிரான பாடத்தை இருபது வயதுக்குள் கேட்டிருக்கிறார். தம் வாழ்நாளெல்லாம் இந்தக் கதையை அவரே சொல்லி வந்தார்.

1896இல் டூரினில் புச்சினியின் ‘லா போஎம்’ முதல் அரங்கேற்றம் அவர் கையில் நடந்தது. 1898இல் லா ஸ்காலாவின் தலைமை. 1908 முதல் 1915 வரை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா. 1921 முதல் 1929 வரை மீண்டும் லா ஸ்காலா. இத்தாலிய ஓபராவில் அதுவரை பாடகரே அரசர். கைதட்டல் எழுந்தால் பாட்டைத் திருப்பிப் பாடுவார், ஆர்கெஸ்ட்ரா காத்திருக்கும். நாற்காலியில் அப்படிக் காத்திருந்தவரான டொஸ்கானினி அதை ஒழிக்கப் புறப்பட்டார். 1903இல் ஒரு பாட்டைத் திரும்பக் கேட்டு அவையோர் விடாமல் கத்த, பாதியில் கோலை வைத்துவிட்டுப் போனவர் மூன்றாண்டுகள் அந்த அரங்குக்குத் திரும்பவில்லை. 1926 ஏப்ரல் 25 அன்று ‘துராந்தோத்’ முதல் இரவில், புச்சினி இறப்பதற்கு முன் எழுதி நிறுத்திய இடம் வந்ததும் தாமும் கோலை நிறுத்தினார். வேறொருவர் எழுதி முடித்த பகுதியை அன்று வாசிக்கவில்லை. முசோலினி கட்சியின் பாட்டை வாசிக்க மறுத்ததற்காக 1931இல் போலோன்யாவில் அரங்கின் வாசலில் அடிபட்டார். அவருக்காகவே 1937இல் அமைக்கப்பட்ட என்.பி.சி. வானொலி ஆர்கெஸ்ட்ராவை எண்பத்தேழு வயதுவரை நடத்தினார். 1954 ஏப்ரல் 4 அன்று வாக்னர் நிகழ்ச்சியின் நடுவே அவருடைய நினைவு ஒரு கணம் அறுந்தது. அதுவே கடைசிக் கச்சேரி.

தாமே குழுவில் வாசித்தவர் குழுவினரிடம் கனிவாக இருப்பார் என்று எதிர்பார்த்தால் டொஸ்கானினி ஏமாற்றுவார். கோலை ஒடிப்பது, கடிகாரத்தைத் தரையில் அடிப்பது, வசை பொழிவது எல்லாம் ஒத்திகையில் வழக்கம். அவற்றில் சில ஒலிப்பதிவாகவே இருக்கின்றன. இதற்கு நேர் எதிர்த் துருவம் கார்லோ மரியா ஜூலினி. ரோமில் வயோலா கற்று, 1930களின் தொடக்கத்தில் அகுஸ்தேயோ ஆர்கெஸ்ட்ராவின் வயோலா வரிசையில் கடைசி இருக்கையில் சேர்ந்தார். ஃபுர்ட்வெங்லர், வால்ட்டர், கிளெம்பெரர், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், தே சபாத்தா எல்லோரும் அந்தக் கடைசி இருக்கையைத் தாண்டிப் போனவர்கள். கடைசி இருக்கைக்காரர்கூட இந்த இசைக்குத் தாம் தேவை என்று உணரச் செய்தவர் வால்ட்டர் என்று ஜூலினி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

போரில் சண்டையிட மனமில்லாமல் ரோமில் ஒன்பது மாதம் மறைந்திருந்த ஜூலினி, நகரம் விடுதலையானதும் 1944 ஜூலை 16 அன்று அங்கே நடந்த முதல் கச்சேரியை நடத்தினார். பிராம்ஸின் நான்காம் சிம்பொனி. ஓபராவுக்குள் அவர் பின்னர்தான் வந்தார். 1953 முதல் லா ஸ்காலாவில் முதன்மை நடத்துநர். 1955இல் விஸ்கோன்டி இயக்க, மரியா காலஸ் பாட, ஜூலினி நடத்திய ‘லா திராவியாத்தா’ இன்றும் பேசப்படுகிறது. ஆனால் ஓபரா உலகின் அவசரமும் போதாத ஒத்திகையும் இயக்குநர்களின் விளையாட்டுகளும் அவருக்குப் பொறுக்கவில்லை. 1960களின் இறுதியில் ஓபராவை விட்டே விலகினார். 1982இல் ‘ஃபால்ஸ்டாஃப்’ ஒன்றுக்காகத் திரும்பி வந்தார், அவ்வளவுதான். குரல் உயர்த்தாமலேயே அவர் ஒத்திகை நடத்துவார். ஆக, நாற்காலி ஒருவருக்குக் காதைத் தருமே தவிர குணத்தைத் தருவதில்லை. டொஸ்கானினி வாசிப்பவரின் சோம்பலை உள்ளிருந்து அறிந்தவர். ஜூலினி வாசிப்பவரின் கூச்சத்தை உள்ளிருந்து அறிந்தவர். இருவரும் அறிந்தது உண்மையே.

‘ஒத்தெல்லோ’ முதல் இரவில் டொஸ்கானினி இருந்த அதே ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்தவர்களில் அந்தோனியோ, லொரென்சோ பார்பிரோலி என்ற தந்தையும் மகனும் உண்டு. அவர்கள் லண்டனில் குடியேறிய பின் 1899இல் பிறந்த பேரன்தான் ஜான் பார்பிரோலி. அவரும் செல்லோ. பதினாறு, பதினேழு வயதில் குவீன்ஸ் ஹால் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். திரையரங்குகளிலும் உணவகங்களிலும் வாசித்தார். 1919 அக்டோபரில் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ முதன்முறை அரங்கேறி, ஒத்திகை போதாமல் சொதப்பியபோது பின்வரிசையில் இருந்தார். 1921இல் போர்ன்மத்தில் அதைத் தாமே தனிக்கலைஞராக வாசித்தார். 1965இல் இருபது வயது ஜாக்குலின் டு ப்ரே அதே படைப்பைப் பதிவுசெய்தபோது எதிரே நின்று நடத்தியவரும் அவரே. ஒரே படைப்பை மூன்று இடங்களிலிருந்து அறிந்தவர் என்பதை அந்தப் பதிவில் கேட்க முடிகிறது. செல்லோ மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் ஆர்கெஸ்ட்ரா அவசரப்படாமல் நிற்கிறது.

பார்பிரோலி ஓபராவைக் கற்றது ஊர் ஊராகப் போன பிரிட்டிஷ் நேஷனல் ஓபரா கம்பெனியில், 1926இல். ஒத்திகையே இல்லாமல் பெரிய ஓபராக்களைத் தூக்கி நிறுத்த வேண்டிய வேலை. 1936இல் டொஸ்கானினி விட்டுச் சென்ற நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் அவரிடம் வந்தது, ஒப்பீட்டில் அடிபட்டார். 1943இல் மான்செஸ்டரின் ஹாலே ஆர்கெஸ்ட்ராவை ஏற்றபோது அங்கே முப்பத்துச் சொச்சம் பேரே மிஞ்சியிருந்தார்கள். போர்க்காலத்தில் கையில் கிடைத்தவர்களையெல்லாம் தேர்வு வைத்துச் சேர்த்து, சில வாரங்களில் மேடையேற்றினார். தந்தி வாத்தியக்காரர்களின் தாள்களில் வில்லை எங்கே இழுக்க வேண்டும், எங்கே தள்ள வேண்டும் என்று தம் கையாலேயே குறித்துத் தருவது அவர் வழக்கம். வில் மாறும் இடம் மாறினால் வாக்கியம் மாறிவிடும் என்பது வெளியிலிருந்து வந்த நடத்துநருக்குப் பாதிதான் புரியும். மற்றவர்கள் அந்த வேலையை முதல் வயலின்காரரிடம் விட்டுவிடுகிறார்கள்.

செல்லோவும் வயோலாவும் நடத்துநர்களை இவ்வளவு தந்ததில் வியப்பில்லை. முதல் வயலின் பெரும்பாலும் மெட்டைச் சுமப்பதால் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும். வயோலா நடுக்குரல், மேலே மெட்டு, கீழே அடிக்குரல், தான் மாறினால் ஒத்திசைவின் நிறமே மாறும். அங்கே இருப்பவர் தன்னைத் தவிர எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். 1902இல் டெபுசியின் ‘பெலேயாஸ்’ முதன்முறை அரங்கேறியபோது பாரிஸ் ஒப்பெரா கோமிக்கில் வயோலா வரிசைக்குத் தலைமை தாங்கியவர் பியர் மோன்ட்டூ. 1913 மே 29 அன்று ‘வசந்தத்தின் சடங்கு’ அரங்கேற்றத்தில் அவையில் ரகளை மூண்டபோதும் திரும்பிப் பார்க்காமல் கடைசி அளவுவரை நடத்தி முடித்தவரும் அவர்தான்.

ஊதுகருவிக்காரர்களுக்கு வேறோர் அனுகூலம்: மூச்சு. பாடகர் எங்கே மூச்செடுப்பார் என்று ஓபோக்காரருக்கோ கிளாரினெட்காரருக்கோ யாரும் விளக்க வேண்டியதில்லை. லைப்சிக்கில் 1929 முதல் ஓபோ வாசித்த ருடால்ஃப் கெம்பெவுக்கு இரட்டை அதிர்ஷ்டம்: அந்த ஊரில் கச்சேரிக்கும் ஓபராவுக்கும் ஒரே ஆர்கெஸ்ட்ரா. 1935இல் அதே ஊர் ஓபராவில் நடத்தத் தொடங்கியவர், பின்னால் டிரெஸ்டனிலும் மியூனிக்கிலும் தலைமை வகித்து, 1960இல் பைராய்ட்டில் ‘ரிங்’ நடத்தினார்.

காலின் டேவிஸின் கதை இந்த அளவுக்கு நேரானதல்ல. லண்டன் ராயல் காலேஜில் கிளாரினெட் மாணவர். நடத்துநர் வகுப்பில் சேர விரும்பினார். பியானோ வாசிக்கத் தெரியாது என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜெர்மானியப் பாதையின் விதி இங்கிலாந்திலும் வாசலில் காவல் நின்றது. கட்டாயப் படைப்பணியில் குதிரைப்படை வாத்தியக் குழுவில் ஊதினார். பிறகு நண்பர்களோடு சேர்ந்து செல்சி ஓபரா குழுவில் வேடமும் அரங்க அமைப்பும் இல்லாமல் மோசார்ட் ஓபராக்களை நடத்தினார். நல்ல பதவி நெடுநாள் கிடைக்கவில்லை. 1959இல் லண்டன் ஃபெஸ்டிவல் ஹாலில் ‘டான் ஜியோவானி’ நடத்த வேண்டிய கிளெம்பெரர் நோயுற்றார், டேவிஸ் நின்றார். மறு ஆண்டு கிளைண்ட்போர்னில் பீச்சம் நோயுற்றார். ‘மந்திரப் புல்லாங்குழல்’ டேவிஸிடம் வந்தது. 1971இல் ஷோல்ட்டிக்கு அடுத்தபடியாக கோவென்ட் கார்டன் ராயல் ஓபராவின் தலைமைக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் இருந்தார். பியானோ தெரியாதவர் ஓபராவுக்கு ஆகமாட்டார் என்ற விதி அத்துடன் செத்துவிடவில்லை. விதிவிலக்கு ஒன்று கிடைத்தது; அதற்கு அவர் பத்தாண்டுக்கு மேல் விலை கொடுத்தார்.

நாற்காலிக்காரர்களின் வாழ்க்கைகளில் இப்படி யாரோ ஒருவர் நோய்ப்படுவதோ கோபித்துக்கொண்டு போவதோ தவறாமல் வருகிறது. நெதர்லாந்து வானொலி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்த பெர்னார்ட் ஹைட்டிங்க், 1956இல் ஆம்ஸ்டர்டாம் கன்சர்ட்கெபவ்வில் முதன்முறை நின்றது ஜூலினி வர முடியாமல் போனதால்தான். பின்னாளில் கிளைண்ட்போர்னுக்கும் கோவென்ட் கார்டனுக்கும் தலைமை தாங்கினார். இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வாசிப்பவருக்குக் குழுவைத் தனியாகப் பழகக் கிடைப்பதில்லை. கடைசி நிமிட நெருக்கடிதான் அவருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆர்கெஸ்ட்ரா. காசு இருந்தால் காத்திருக்க வேண்டாம் என்பதற்கு செர்கே கூசெவிட்ஸ்கி சான்று. போல்ஷோய் அரங்கில் டபுள் பாஸ் வாசித்தவர், பெரும் தேயிலை வணிகரின் மகளை 1905இல் மணந்தார். 1908இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கையே கட்டணம் கொடுத்து அமர்த்தி நடத்துநராக அறிமுகமானார்! சீதனத்தில் வந்த கருவிகளில் இதைவிடப் பெரியது இருக்க முடியாது.

டபுள் பாஸிலிருந்து வந்த இன்னொருவர் சுபின் மேத்தா. பம்பாய் சிம்பொனியைத் தொடங்கிய மெஹ்லி மேத்தாவின் மகன். 1954இல் வியன்னா சென்று டபுள் பாஸும், ஹான்ஸ் ஸ்வாரோவ்ஸ்கியிடம் நடத்தும் கலையும் கற்றார். பெரிய நடத்துநர்களின் ஒத்திகைக்குள் மாணவர்களை விடமாட்டார்கள். அவரும் சக மாணவர் கிளாடியோ அப்பாடோவும் ஒரு கூட்டுப்பாடல் குழுவில் பாடகர்களாகச் சேர்ந்து, வால்ட்டரையும் காரயானையும் எதிரிலிருந்து பார்த்துக்கொண்டார்கள். நாற்காலி கிடைக்காதவர் நின்றபடி கற்ற பாடம் அது. 1965இல் மெட்ரோபாலிட்டனில் ‘ஆயிடா’. ஃபுளோரன்ஸில் 1985 முதல் பல பத்தாண்டுகள். 1998 முதல் 2006 வரை மியூனிக் பவேரிய அரசு ஓபரா. அந்த ஓபராவின் ஆர்கெஸ்ட்ராவோடு, ஆழிப்பேரலையின் முதலாண்டு நினைவாக, 2005 டிசம்பர் 26 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் அவர் நடத்திய கச்சேரி, டிசம்பர் சீசனுக்குப் பழகிய அந்த மேடைக்கு அரிதான விருந்து.

பெரிய தனிக்கலைஞர்கள் நடத்துநர்களானதையும் இதே கணக்கில் சேர்ப்பது வழக்கம். அது சரியல்ல. ரோஸ்ட்ரோபோவிச் உலகின் முதல்நிலைச் செல்லோக் கலைஞர்; 1960களின் பிற்பகுதியில் போல்ஷோயில் ‘யெவ்கேனி ஒனேகின்’ நடத்தினார்; வாஷிங்டனில் 1977 முதல் பதினேழு ஆண்டுகள் ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தார். பாரன்பாய்ம் மோசார்ட் கான்செர்ட்டோக்களைப் பியானோவிலிருந்தே நடத்தப் பழகி, 1992 முதல் 2023 வரை பெர்லின் அரசு ஓபராவை ஆண்டார். ஆனால் தனிக்கலைஞர் எப்போதும் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் இருந்தவர். எழுபது அளவுகள் சும்மா எண்ணிக்கொண்டிருந்து எழுபத்தோராவதில் சரியாக நுழையும் வேலையை அவர் செய்ததில்லை. நாற்காலி தரும் பாடமே அந்தக் காத்திருப்புதான். ஓபரா மேடைக்கு முன்னால் ஆர்கெஸ்ட்ரா அமரும் பள்ளத்தில் அது இன்னும் கூர்மையாகும். பேச்சும் பாட்டும் கலந்த பகுதிகளில் பாடகர் சொல்லை முடிக்கும்வரை வில்லைத் தந்திமேல் வைத்துக் காத்திருந்து ஒரே ஒரு சுருதிக்கூட்டை விட வேண்டும். நடத்துநர் கோலைத் தூக்கும் விதத்திலேயே அடுத்த தட்டின் வேகம் தெரியாவிட்டால் அந்தக் கூட்டு சிதறும். அப்படிச் சிதறியபோது கோலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தாம் கோல் எடுக்கும்போது அதை மறக்க மாட்டார்.

கற்றதைக் குழுவுக்கு எதிராகவே திருப்பியவரும் உண்டு. நிக்கோலாஸ் ஹார்னன்கூர்ட் 1952 முதல் 1969 வரை வியன்னா சிம்பொனியில் செல்லோ வாசித்தார். மோசார்ட்டை எல்லோரும் சர்க்கரை தடவி வாசிப்பதை நாள்தோறும் சகித்தது போதும் என்று விலகினார். அதற்குள் பழைய கருவிகளில் வாசிக்கும் தம் குழுவை 1953இலேயே அமைத்திருந்தார். அதைச் செல்லோவிலிருந்தபடியே நடத்தி வந்தவர், 1970களில் சூரிச்சில் மொன்டெவெர்டி ஓபராக்களை உயிர்ப்பித்தார். பதினேழு ஆண்டு எரிச்சல் ஒரு கல்வியாக மாறியது இவரிடம்தான்.

நாற்காலி படியென்றால், நாற்காலி மறுக்கப்பட்டவருக்குப் படியும் இல்லை. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் 1982இல்தான் முதல் பெண் கலைஞரைச் சேர்த்தது. வியன்னா ஃபில்ஹார்மோனிக் 1997வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. பெண் நடத்துநர்கள் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தார்கள் என்று கேட்பவர்கள் மேடையை மட்டுமே பார்க்கிறார்கள். கதவு கீழே, வரிசைகளிலேயே மூடியிருந்தது.

விபத்தையும் சீதனத்தையும் நம்பாமல் இந்தப் பாதையைப் பாடத்திட்டமாக்கிய நாடு ஃபின்லாந்து. ஹெல்சின்கியின் சிபெலியஸ் அகாடமியில் 1973 முதல் இருபது ஆண்டுகள் நடத்துநர் வகுப்பெடுத்த ஜோர்மா பனுலா, மாணவர்களுக்கு வாரந்தோறும் ஓர் ஆர்கெஸ்ட்ராவை எதிரே உட்கார வைத்தார். நடத்தக் கற்பவர் தம் முறை முடிந்ததும் கருவியை எடுத்துக்கொண்டு குழுவுக்குள் போய் உட்கார்ந்து, அடுத்தவருக்கு வாசிப்பார். நடத்தியதை வீடியோவில் பிடித்துப் பிறகு போட்டுப் பார்ப்பார்கள். பேசாமல் கையால் காட்டு என்பது பனுலாவின் விதி. கொம்பு ஊதிய சலோனென், கிளாரினெட் வாசித்த வான்ஸ்கா, வயலின் வாசித்த சரஸ்தே எல்லோரும் அந்த வகுப்பில் உருவானவர்கள். ஃபின்லாந்து வானொலிக் குழுவின் முதல் வயலினாக இருந்த சகாரி ஒரமோ 1993இல் நோயுற்ற நடத்துநருக்குப் பதிலாக நின்றார். பழைய கதைதான், ஆனால் இம்முறை நின்றவர் அதற்கெனப் பயிற்சி பெற்றிருந்தார்.

அதே அகாடமியில் பயின்ற சுசானா மால்க்கி 1995 முதல் 1998 வரை ஸ்வீடனின் கோத்தன்பர்க் சிம்பொனியில் முதன்மைச் செல்லோ. நிரந்தரமான அந்த இடத்தை விட்டுவிட்டு நடத்தப் போனார். பாரிஸில் புதிய இசைக்கான ஒரு குழுவை ஏழாண்டு வழிநடத்தினார். 2011இல் லா ஸ்காலாவில் ஃபிரான்செஸ்கோனியின் ‘குவார்ட்டெட்’ ஓபராவின் முதல் அரங்கேற்றம் அவருடையது. 2016 டிசம்பரில் மெட்ரோபாலிட்டனில், ஃபின்லாந்தின் கையா சாரியாஹோ எழுதிய ‘தொலைவிலிருந்து காதல்’ ஓபராவை நடத்தினார். பெண் ஒருவர் எழுதிய ஓபரா அந்த அரங்கில் அதற்கு முன் மேடையேறியது 1903இல்.